காபிப் பழத்தில் ஓட்டை: வண்டை ஒழித்த கதை

இரண்டு வருடமாகப் பழத்தின் நுனியில் ஊசி குத்தியது போல ஓட்டை, உள்ளே கொட்டை பொடிப்பொடியாக. காய்த்துளைப்பான் வண்டு, 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. மருந்து அடித்தேன், காசுதான் போனது. பழத்துக்குள் புகுந்துவிட்ட வண்டுக்கு மருந்து எட்டாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அறுவடை முடிந்ததும் செடியில் மிஞ்சிய நாலைந்து பழத்தையும் கீழே உதிர்ந்ததையும் அப்படியே விட்டுவிடுவோம், அதிலேயே வண்டு தங்கி அடுத்த காய்ப்புக்குத் தாவும். சரி என்று அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோருமாகத் தினமும் சாயங்காலம் ஒரு வரிசை பொறுக்கினோம் (சின்னவனுக்கு எண்ணிப் போடுவதே விளையாட்டு), வண்டு விழுந்த பழத்தைக் கொதிநீரில் 2 நிமிடம் முக்கிவிட்டுத்தான் காயப்போட்டோம். பறிக்கும்போது கீழே சாக்கு விரித்தோம். இந்த முறை ஓட்டைப் பழம் அங்கொன்று இங்கொன்றுதான், பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்தான் இன்னும் பொறுக்க மாட்டேன் என்கிறார்.