பழைய காரின் தரையில் துருவோட்டை: பழுதுபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கும் வரை அதன் அடியிலுள்ள தகட்டின் நிலை யாருக்கும் தெரிவதில்லை. மேலே விரிப்பும் அதன் அடியில் தடித்த பஞ்சு அல்லது ஃபோம் மெத்தையும், கீழே கறுப்புப் பூச்சும் மறைத்திருக்க, நடுவிலுள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். கால் ஊன்றும் இடம் அமுங்கும்போதோ, மழைச் சாலையில் போகையில் பாதம் நனையும்போதோதான் ஓட்டை கண்ணில் படுகிறது. பார்த்தவுடன் அதை எதைக்கொண்டாவது அடைத்துவிட வேண்டும் என்றே மனம் விரைகிறது. ஒரு முறை சரிசெய்த தரை இரண்டே ஆண்டுகளில் மீண்டும் உளுத்துப்போவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை அந்த விரைவிலிருந்துதான் தொடங்குகின்றன. ஏனென்றால் ஓட்டை என்பது துருவின் கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய கட்டங்கள் எல்லாம் சுற்றியுள்ள தகட்டில், கண்ணுக்குத் தெரியாமல், அப்போதும் நடந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் வரும் வழியைத் தேடாமல் தகட்டில் கைவைப்பது

இதுவே முதல் தவறு, மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரிய தவறு என்பது என் கருத்து. தரைத் தகடு சாலையிலிருந்து தெறிக்கும் நீரால் மட்டும் துருப்பிடிப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். கடலோரங்களிலும், பனி உருக உப்புத் தூவும் சாலைகளிலும் ஓடும் கார்களுக்கு அது பெருமளவு உண்மைதான். ஆனால் ஏராளமான பழைய கார்களில் துரு மேலிருந்து, அதாவது காரின் உள்ளேயிருந்து, கீழ்நோக்கி இறங்குகிறது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கலாம். கண்ணாடிக்கு முன்னால் வைப்பருக்கு அடியிலுள்ள பள்ளத்தின் வடிகால் சருகுகளால் அடைபட்டு, நீர் காற்றுக்குழாய் வழியே உள்ளே இறங்கலாம். கதவின் உட்பலகைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கலாம். கூரையில் திறப்பு உள்ள காரென்றால் அதன் வடிகுழாய் தூணுக்குள் கழன்றிருக்கலாம். ஏசி ஓடிய நாள்களில் மட்டும் முன்பக்கத் தரை ஈரமானால், குளிர்கலத்தின் வடிகுழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைநீரே அல்ல. ஹீட்டர் கலத்திலிருந்து கசியும் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்.

தேடும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். இருக்கைகளையும் விரிப்பையும் முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டு, தரையிலும் பக்கச் சுவர்களிலும் பழைய செய்தித்தாளைப் பரப்பி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே அமர்ந்திருக்க, மற்றொருவர் வெளியிலிருந்து குழாய் நீரை மெதுவாக விட வேண்டும். கீழ்ப்பகுதியில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, பிறகே மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையிலிருந்து ஊற்றினால் நீர் எல்லா இணைப்புகளின் மேலும் ஓடிவிடும். கசிவு எது என்று பிரித்தறிய முடியாது. நீர் உள்ளே நுழையும் இடமும் தேங்கும் இடமும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது: முன்கண்ணாடியின் மூலையில் நுழைந்த நீர், தகட்டின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னிருக்கைக் காலடி வரை போய் நிற்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காரின் ஓட்டுநர் பக்கத் தரைக்கு நானே ஒட்டுத் தகடு வைத்து, பூச்சும் அடித்து, விரிப்பைப் போட்டு மூடினேன். கண்ணாடி ரப்பரின் கீழ்மூலையை நான் சோதிக்கவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது, புதிய தகட்டின் விளிம்பு முழுவதும் செம்பழுப்பாக உரிந்துகொண்டிருந்தது. வெல்டிங்கில் குறையில்லை, பூச்சிலும் குறையில்லை. நீர் வருவது மட்டும் நிற்கவில்லை.

விரிப்பை வெயிலில் உலர்த்தினால் போதும் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். மேல்துணி ஒரே நாளில் காய்ந்துவிடும். அடியிலுள்ள மெத்தை வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். உப்பும் சேறும் ஏறிப்போன மெத்தையை மாற்றிவிடுவதே நல்லது.

ஓட்டையின் அளவையே பழுதின் அளவாகக் கொள்வது

கைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால், அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்காவது தகடு மெலிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குவது பாதுகாப்பானது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், அரிக்கப்பட்ட தகடு பார்வைக்குத் தடிமனாகவே தோன்றும். பூச்சும் அதன் மேல் உப்பிக்கொண்டு நிற்கும். ஆகவே கண்ணை நம்பாமல், கூரான ஸ்க்ரூடிரைவரால் குத்தியும் சிறு சுத்தியலால் தட்டியும் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்; உளுத்தது மந்தமாக ஒலித்து, குத்தினால் உள்வாங்கும். மேலிருந்து ஒரு முறையும், கீழ்ப்பூச்சைச் சுரண்டிவிட்டு அடியிலிருந்து ஒரு முறையும் சோதித்து, சாக்பீஸால் எல்லை வரைந்த பிறகே வெட்டும் கோடு எங்கே என்று முடிவுசெய்ய வேண்டும். பளபளப்பான, முழுத் தடிமனுள்ள இரும்பு தெரியும் இடம் வரை வெட்டத் தயங்குகிறவர்கள், காகிதம் போல மெலிந்த விளிம்பில் வெல்டு வைக்க முயன்று, ஒவ்வொரு வெல்டுப் பொட்டுக்கும் ஒரு புதிய ஓட்டையை உண்டாக்கிவிடுகிறார்கள்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது, ஓட்டை எதற்கு அருகில் இருக்கிறது என்ற கேள்வி. தனிச் சட்டகத்தின் மேல் உடலை அமர்த்திய வண்டிகளில் தரைத் தகட்டின் பொறுப்பு ஓரளவு குறைவு. ஆனால் உடலும் சட்டகமும் ஒன்றாகவே கட்டப்பட்ட கார்களில், தரையும், கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டி உத்தரமும், குறுக்கு உத்தரங்களும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. மோதலில் ஆளைக் காப்பதும் அவைதான். இருக்கையின் போல்ட், சீட் பெல்ட்டின் பிடிப்பு, சஸ்பென்ஷன் இணைப்பு, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றுக்குச் சுமார் 30 செ.மீ. தூரத்துக்குள் துரு இருந்தால், அதை வெறும் ஓட்டையாகக் கருதவே கூடாது. அங்கே அசல் கட்டமைப்புக்கு இணையான வலுவோடு, சுற்றிலும் முழுமையாக வெல்டு செய்த வேலை மட்டுமே ஏற்கத்தக்கது. உடல் வேலையில் தேர்ந்த டிங்கரிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டம் அது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

பக்கவாட்டு உத்தரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் வெட்ட நேர்ந்தால், வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியால் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டின்றி வெட்டி, கார் ஸ்டாண்டின் மேல் சற்றே தொய்ந்த நிலையில் புதிய தகட்டை வெல்டு செய்துவிட்டால், அதன் பிறகு கதவு ஒழுங்காக மூடாது. அந்தத் தொய்வை நிமிர்த்தவும் முடியாது.

அடைப்பவை, பழுதுபார்ப்பவை ஆகிவிடா

பட்டி, ஃபைபர் கிளாஸ், தார்த் தாள், தெளிப்பு ஃபோம், ஒட்டும் அலுமினியத் தாள் என்று ஓட்டையை மறைக்கும் பொருள்கள் பல. இவற்றுள் எதுவும் தரைக்கு இழந்த வலுவைத் திருப்பித் தராது. ஃபைபர் கிளாஸ் துருவேறிய தகட்டில் நெடுநாள் ஒட்டியிருக்காது. காரின் அதிர்விலும் முறுக்கிலும் அதன் விளிம்பு விடுபட, அந்த இடுக்கில் ஈரம் புகுந்து தங்கும். ஃபோம் அதைவிட மோசம். பெட்டி உத்தரத்துக்குள் அதைத் தெளித்துவிட்டால் வடிகால் அடைபடும். பின்னர் யாராவது அங்கே வெல்டு வைக்கும்போது அது தீப்பற்றி நச்சுப் புகையைக் கக்கும். இரும்புத் தரையின் மேல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடிப்பவர்கள் உண்டு. இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவுபடும் என்பதோடு, ரிவெட் இணைப்பில் நீர் புகாத தொடர்ச்சியும் கிடைப்பதில்லை.

துருமாற்றி என்று விற்கப்படும் திரவத்தைப் பற்றி ஒரு சொல். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கொண்ட இந்தத் திரவம், மேற்பரப்பில் படிந்த மெல்லிய துருவைக் கறுப்பான, நிலையான படலமாக மாற்றும். செதில் செதிலாக எழும் துருவின் மேல் ஊற்றினால் மேல்செதில் மட்டும் நிறம் மாறும்; அடியில் அரிப்பு தொடரும். வயர் பிரஷ்ஷால் தளர்ந்த துரு முழுவதையும் நீக்கிய பிறகு, குழிகளில் எஞ்சியிருப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஓட்டையைத் தற்காலிகமாகக்கூட அடைக்காமல் ஓட்டுவதும் தவறு. புகைக்குழாய் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது. அதில் சிறு கசிவு இருந்தால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு அந்த ஓட்டை வழியாகக் காருக்குள் வரும்.

தீயையும் புகையையும் எளிதாக எடுத்துக்கொள்வது

தகட்டுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் கிரைண்டரை இயக்குவது ஆபத்து. எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் பல கார்களில் தரையை ஒட்டியே செல்கின்றன; உள்ளே விரிப்புக்கு அடியில் ஒயர்க் கட்டுகள் ஓடுகின்றன; ஏர்பேக் உள்ள கார்களில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் நடுமேட்டின் மேலேயே இருக்கும். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, அருகிலுள்ள மின்னணுப் பெட்டிகளையும் இருக்கைகளையும் அகற்றிவிட்டுத்தான் வெல்டிங் தொடங்க வேண்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் இடத்துக்கு அருகிலேயே, சுத்தமான இரும்பில் பிடிக்க வேண்டும்.

தரையின் மேல் ஒட்டியிருக்கும் தார்க் கலவையாலான ஒலித்தடுப்புத் தாளும், கீழ்ப்பூச்சும் நன்றாக எரியக்கூடியவை. வெல்டு கோட்டின் இருபுறமும், மேலும் கீழும், குறைந்தது 5 முதல் 8 செ.மீ. அகலத்துக்கு அவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும். தீயணைப்பானும் ஒரு வாளி நீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வேலை முடிந்த பின்னும் குறைந்தது அரை மணி நேரமாவது காருக்கு அருகிலேயே இருந்து கவனிக்க வேண்டும். மடிப்புகளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் தார் பிறகுதான் பற்றும்.

பலரும் அறியாத ஓர் ஆபத்தையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்து, அது முற்றிலும் ஆவியாகும் முன் வெல்டு வைத்தால், வெப்பத்தாலும் வெல்டிங் மின்வில்லின் புறஊதாக் கதிராலும் அந்தக் கரைப்பான் சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற கொடிய வாயு உருவாகக்கூடும். மிகச் சிறிய அளவே நுரையீரலைச் சிதைக்கும். வெல்டிங் நடக்கும் இடத்தில் அந்த வகைக் கிளீனர் இருக்கவே கூடாது. துத்தநாகம் பூசிய தகட்டைப் பயன்படுத்தினால், வெல்டு கோட்டருகே அந்தப் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

ஒட்டுத் தகட்டிலும் வெல்டிலும் நேரும் பிழைகள்

மிகத் தடித்த தகட்டைத் தேர்வது வலு என்று தோன்றலாம். ஆனால் பழைய மெல்லிய தகட்டோடு அதை இணைக்கையில், தடித்ததை உருக்கத் தேவையான வெப்பம் மெல்லியதைத் துளைத்துவிடும். சுமார் 0.9 முதல் 1.2 மி.மீ. வரை, அதாவது 20 அல்லது 18 கேஜ் மென்னிரும்புத் தகடு பெரும்பாலான தரைகளுக்குப் பொருந்தும். அட்டையில் அச்சு வெட்டிப் பார்த்துவிட்டுத் தகட்டை வெட்டுவது நல்லது. மூலைகளை வட்டமாக்க வேண்டும்; கூர்மூலையில் அழுத்தம் குவிந்து விரிசல் தொடங்கும். அசல் தரையில் இருக்கும் வரிமேடுகள் அழகுக்காகப் போடப்பட்டவை அல்ல, தகட்டை விறைப்பாக்குபவை. தட்டையான ஒட்டு வைத்தால் அது ஓட்டத்தில் பறைபோல அதிரும்.

பட்டறைகளில் சிஓடூ வெல்டிங் என்று சொல்லப்படும் மிக் வெல்டிங்கே இதற்கு ஏற்றது, 0.6 மி.மீ. கம்பி மெல்லிய தகட்டுக்கு இணக்கமானது. சாதாரண ஆர்க் ராடு இந்தத் தடிமனில் எளிதாக ஓட்டை போடும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நிறுத்தாமல் கோடு இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. தகடு வளைந்து நெளிந்துவிடும். முதலில் சுற்றிலும் 2 அல்லது 3 செ.மீ. இடைவெளியில் பொட்டு வைத்து, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறிச் சிறு துண்டுகளாக நிரப்பி, இடையிடையே கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். நீர் ஊற்றி ஆற்றக் கூடாது. இறுதியில் வெல்டை மட்டமாக்கும் ஆர்வத்தில் பக்கத்துத் தகட்டையும் கிரைண்டரால் மெலித்துவிடுவதையும் பல முறை பார்த்திருக்கிறேன். விரிப்புக்கு அடியில் மறையப்போகும் வெல்டு சற்று மேடாக இருப்பதில் குறையொன்றும் இல்லை.

பூச்சின் வரிசையைக் குலைப்பது

வெல்டு ஆறியதும் கறுப்புக் கீழ்ப்பூச்சை அடித்து மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. வரிசை அப்படியல்ல. கரிந்த பூச்சையும் வெல்டுப் பொறியையும் தேய்த்து நீக்கி, வெறும் இரும்பின் மேல் எபாக்ஸி பிரைமர், அது இறுகியபின் இணைப்புகளில் பாலியுரேதேன் சீலர், அதன் மேல் பெயின்ட், கடைசியில் கீழ்ப்பூச்சு என்று போக வேண்டும். சீலரை நேரடியாக வெறும் இரும்பில் பூசினால் அதன் அடியிலேயே துரு ஓடும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடு அமரும் இணைப்புகளில், வெல்டுக்கு முன்பே, அதன் மேலேயே வெல்டு செய்யத்தக்க துத்தநாக பிரைமரைப் பூசியிருக்க வேண்டும். பிறகு அந்த இடுக்கைத் தூரிகை எட்டாது. தடித்த ரப்பர்ப் பூச்சு துருவின் மேல் அடிக்கப்பட்டால், ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்தது போலாகும்.

பெட்டி உத்தரங்களுக்குள் மெழுகு தெளிப்பது, வெப்ப வேலைகள் அனைத்தும் முடிந்த பிறகே. தெளித்தபின், கதவுகளின் அடியிலும் உத்தரங்களின் அடியிலும் உள்ள வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்று மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். தரையில் ரப்பர் மூடிகள் இருந்த இடங்களில் மீண்டும் மூடிகளையே பொருத்த வேண்டும்.

விரிப்பை அன்றே போட்டுவிட வேண்டாம். ஓட்டுநர் இருக்கையை மட்டும் பொருத்தி, வெறும் தரையோடு இரண்டு மூன்று நல்ல மழையிலாவது காரை ஓட்டி, ஒவ்வொரு முறையும் மூலைகளை உலர்ந்த கையால் தடவிப் பாருங்கள். கை உலர்ந்தே வரும் நாளில் விரிப்பைப் போடலாம்.