மார்பகத்தை உயர்த்தும் அறுவை சிகிச்சை: பெங்களூரில் நாள் குறிக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மருத்துவர்கள் ‘மாஸ்டோபெக்ஸி’ என்றும் மற்றவர்கள் ‘பிரெஸ்ட் லிஃப்ட்’ என்றும் சொல்லும் இந்த அறுவை சிகிச்சையால் மார்பகம் பெரிதாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். இதில் தளர்ந்து மிகுந்திருக்கும் தோல் அகற்றப்பட்டு, உள்ளிருக்கும் திசு மேலே நகர்த்தித் தைக்கப்பட்டு, முலைக்காம்பு உயரமான இடத்தில் அமர்த்தப்படுகிறது. அளவில் பெரிய மாற்றம் இருக்காது. அளவு கூட வேண்டுமென்றால் உள்வைப்பும் (இம்ப்ளான்ட்), குறைய வேண்டுமென்றால் மார்பகக் குறைப்பும் தனியாகப் பேசப்பட வேண்டியவை. இவற்றில் எது தேவை என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

தாய்ப்பால் கொடுத்ததால்தான் மார்பகம் தொங்கிவிட்டது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். உண்மையில் கர்ப்ப காலத்தில் மார்பகம் விரிந்து சுருங்குவது, வயது, உடல் எடை ஏறி இறங்குவது, புகைப்பழக்கம் ஆகியவையே முக்கியக் காரணங்கள். விரிந்த தோலும் உள்ளே மார்பகத்தைத் தாங்கும் இழைகளும் ஒருமுறை தளர்ந்துவிட்டால் எந்த எண்ணெயும் கிரீமும் அவற்றை மீண்டும் இறுக்குவதில்லை. உடற்பயிற்சி மார்பகத்துக்கு அடியிலுள்ள தசையை வலுப்படுத்துமே தவிர தோலைச் சுருக்காது.

நீங்கள் நிற்கும்போது, மார்பகத்தின் அடிமடிப்புக் கோட்டுக்கு எவ்வளவு கீழே முலைக்காம்பு இருக்கிறது என்பதை வைத்தே மருத்துவர் தளர்வை மதிப்பிடுவார். கோட்டின் அளவிலேயே இருந்தால் லேசான தளர்வு. கோட்டுக்குக் கீழே இருந்தாலும் மார்பகத்தின் அடிநுனிக்கு மேலே இருந்தால் நடுத்தரம். அடிநுனியிலேயே தரையை நோக்கி இருந்தால் கடுமையானது. வெட்டு எத்தகையது என்பதும் இதைப் பொறுத்ததே. லேசான தளர்வுக்கு முலைக்காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பில் மட்டும் வெட்டினால் போதும். நடுத்தரமாக இருந்தால் அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு நேர்கோடும் சேரும். கடுமையாக இருந்தால் அடிமடிப்பை ஒட்டி மூன்றாவது வெட்டும் தேவைப்பட்டு, முழுத்தழும்பு தலைகீழான ஆங்கில ‘T’ எழுத்தைப் போல் அமையும். சிறிய வெட்டே போதும் என்று வற்புறுத்துவது உதவாது. தேவையானதை விடச் சிறிதாக வெட்டினால் கருவட்டம் அகன்றுபோவதும் வடிவம் தட்டையாவதும் நேரும்.

ஆக, உயர்ந்த வடிவத்துக்குக் கொடுக்கும் விலை நிரந்தரத் தழும்பு. அது முதல் சில மாதங்கள் சிவந்தோ கருத்தோ தடித்துத் தெரியும். மங்கி அடங்க ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் தழும்பு கருமையாவதும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் ‘கீலாய்டு’ வருவதும் வெள்ளைத் தோலில் இருப்பதை விட அதிகம். காது குத்திய இடம், மூக்குத்தி இட்ட இடம், சிசேரியன் வெட்டு ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். எங்காவது தழும்பு புடைத்தோ அரித்தோ இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டாமல் முடிவெடுக்கக் கூடாது.

இன்னொரு குழந்தை வேண்டுமென்ற எண்ணமிருந்தால் அதுவரை காத்திருப்பதே அறிவுடைமை. அடுத்த கர்ப்பம் செய்த வேலையைக் கலைத்துவிடக்கூடும், பால் கொடுக்கும் திறனும் குறையக்கூடும். பால் நிறுத்திச் சில மாதங்கள் கழிந்து, எடையும் நிலைபெற்ற பிறகே நாள் குறிக்க வேண்டும்.

பெங்களூரில் இந்திராநகர், கோரமங்களா, ஜெயநகர் பக்கம் தெருவுக்குத் தெரு அழகுச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. கத்தியெடுப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி பட்டம் பெற்றவரா, கர்நாடக மருத்துவ கவுன்சிலிலோ வேறொரு மாநிலக் கவுன்சிலிலோ பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அறுவை எந்த இடத்தில் நடக்கும், அந்த இடத்துக்கு 2007-ஆம் ஆண்டின் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு உண்டா, மயக்க மருந்து நிபுணர் யார், நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே என்பவற்றையும் கேட்க வேண்டும். சில இடங்களில் ‘கவுன்சிலர்’ என்ற பெயரில் ஒருவர் விலையையும் மாதத் தவணையையும் பேசி முன்பணம் வாங்கிக்கொள்வார். அறுவை நாளன்றுதான் சர்ஜனின் முகமே தெரியும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து. ஒப்புதல் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம், இந்த ஊரில் தமிழ் பேசும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பஞ்சமில்லை.

அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. ஜிஎஸ்டி விலக்கும் கிடையாது என்பதால், சொல்லப்படும் தொகையில் வரி, மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், அறை வாடகை, தாங்கு உள்ளாடை எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள்.

புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். நிக்கோடின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து முலைக்காம்பின் திசுவே இறந்துபோகக் காரணமாகலாம். ஆஸ்பிரின் முதல் சித்த, ஆயுர்வேத மாத்திரைகள் வரை எதைச் சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள், ஆனால் இதய மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முன்கூட்டியே மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். நகப்பூச்சை அழித்துவிட்டு, நகைகளைக் கழற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் உலோகம் இல்லாத மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று முதல் நாளே செவிலியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முழு மயக்கத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் முடியும் இந்த அறுவைக்குப் பிறகு பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார்கள். மேசை வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். ஆனால் ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது, குழந்தையை இடுப்பில் வைப்பது, கொடியில் ஈரப் புடவையை எறிந்து காயப்போடுவது எல்லாம் மற்றவர் வேலை. தலைக்கு மேல் கையை உயர்த்தாமல் உடுத்த, முன்புறம் ஜிப் வைத்த நைட்டி இரண்டு வாங்கி வைத்திருப்பது உதவும். மல்லாந்து படுக்க வேண்டும், தாங்கு உள்ளாடையை மருத்துவர் சொல்லும் வரை இரவிலும் கழற்றக் கூடாது, முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும். ஓசூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வருபவர்கள் முதல் பரிசோதனை முடியும் வரை நகரத்திலேயே உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலிலும் வேகத்தடைகளிலும் ஆட்டோவில் குலுங்கிப் போவதைத் தவிர்த்துக் காரில் செல்லுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகி வலித்தால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். முலைக்காம்பு நீலமாகவோ கருப்பாகவோ மாறினாலும், காய்ச்சலோ சீழோ வந்தாலும் அன்றே சர்ஜனை அழைக்க வேண்டும்; கெண்டைக்கால் வீங்கி வலிப்பதும் மூச்சுத் திணறலும் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். முலைக்காம்பில் மரத்துப்போன உணர்ச்சி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் போகும்.

பிற்காலத்தில் மேமோகிராம் எடுக்கப் போகும்போது இந்த அறுவையைப் பற்றி அங்கே சொல்லிவிடுங்கள்; உள்தழும்பும் சுண்ணாம்புப் படிவுகளும் படத்தில் சந்தேகத்துக்குரியவையாகத் தெரியக்கூடும் என்பதால் அறுவைக்கு முன் எடுத்த பழைய படங்களையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.