‘மிசரபிள்’ என்றால் எவ்வளவு வருத்தம்? சேலத்திலிருந்து பிரிட்டன் போய் இறங்கியவர்களுக்கு

ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் மூட்டம் வந்து மறைத்தால் நமக்கு ஒரே குஷி. சேலத்து வெயிலுக்குத் தப்பிக்கக் காசு செலவழித்து மேலே போகிறவர்கள் நாம். அதே மூட்டமும் தூறலும் பிரிட்டனில் நவம்பரில் நாள்கணக்கில் விடாது. அதற்கு அங்கே ‘மிசரபிள்’ என்பார்கள்.

பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்கிற பாட்டி, “மிசரபிள் டே, இஸன்ட் இட்?” என்றால் பதறாதீர்கள். அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை, பேச்சுக் கொடுக்கிறார். “யெஸ், இஸன்ட் இட்” என்றாலே போதும். முடிந்தால் ஏற்காட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஊரில் பழக்கம் பிடிப்பதே இப்படித்தான்.

ஒரு ஆளை மிசரபிள் என்றால் பெரும்பாலும் சிடுமூஞ்சி என்று அர்த்தம். ஸ்காட்லாந்தில் கஞ்சன் என்றும் ஆகும். ‘மிசரபிள் ஃபைவ் பவுண்ட்ஸ்’ என்றால் வெறும் அஞ்சே பவுண்டு.

ஆனால் இந்தச் சொல்லை அப்படியே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அகராதியில் ‘பரிதாபமான’, ‘துயரமான’ என்று இருக்கும். “என்ன கண்ணு, உடம்புக்கு என்ன? சாப்பிட்டியா?” என்று சேலத்தில் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் போய்விடும். “ஒரே தூறலும் குளிருமா இருக்கும்மா” என்று தமிழிலேயே சொல்லுங்கள்.

சரி, உண்மையிலேயே மனசு சரியில்லை என்றால்? அங்கே முதல் குளிர்காலம் லேசுப்பட்டதல்ல. சேலத்தில் டிசம்பரிலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. லண்டனில் 8 மணி நேரம்கூட இருக்காது, நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெயில் குறைந்த அந்த மாதங்களில் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்நாட்டு அரசு. மாத்திரை கடையிலேயே கிடைக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு விடவில்லையென்றால் ஜி.பி. டாக்டரை, அதாவது அங்கே எதற்கும் முதலில் பார்க்கிற பொது மருத்துவரைக் கேளுங்கள். போனவுடன் பதிந்து வைப்பது நல்லது. இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. நம்மவர்கள் தலைவலி, அசதி என்று மட்டும் சொல்லி மனசை மறைத்துவிடுவார்கள், இது எனக்குப் பெரிய கவலை. ‘மிசரபிள்’ என்று மட்டும் சொன்னாலும் சளி பிடித்தவர் பேச்சுபோலப் போய்விடலாம். “ஐ ஹேவ் பீன் ஃபீலிங் லோ ஃபார் த்ரீ வீக்ஸ், ஐ கான்ட் ஸ்லீப்” என்று நாள் கணக்கோடு சொல்லுங்கள். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லை, எத்தனை நாள் தூக்கமில்லை என்று ஒரு கேள்வித்தாள் வரலாம். செத்துவிடலாம் என்று தோன்றியதா என்றும் அதில் இருக்கும். வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதுதான், உள்ளதைச் சொல்லுங்கள். இங்கிலிஷ் தடுமாறினால் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் காசு இல்லை.

பொறுக்க முடியாத நிலை என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் மனநல உதவி எந்த நேரமும் கிடைக்கும். யாரிடமாவது பேசினால் போதும் என்றால், மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற ‘சமாரிட்டன்ஸ்’ தொண்டு அமைப்பின் எண் 116 123, கட்டணம் இல்லை. உயிருக்கே ஆபத்து என்றால் 999.