பி.பி. மெஷினை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

நர்சிங் மாணவிகளைக் கிராமப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள், அந்த ஊரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வேலை பார்க்கும் தன்னார்வலர் அக்காவோடு சேர்த்தே அனுப்புங்கள். வீட்டுக்குள் போனதும் பி.பி. மெஷினை எடுக்காமல், "இந்த மாத்திரையைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?" என்று முதலில் கேட்டு, வரும் பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

2021-இலிருந்து சர்க்கரை, பி.பி. மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறவர்கள் இந்தத் தன்னார்வலர்கள், அதனால் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் பேச்சு தானாக வரும். கர்ப்பிணி ஒருவர் இரும்புச்சத்து மாத்திரையை "சூடு" என்று சொல்லி ஒதுக்கினால், ஹீமோகுளோபின் பாடம் நடத்துவதைவிட "எலுமிச்சைச் சாறோட போடுங்கம்மா" என்பது சட்டென்று எடுபடும், ஏனென்றால் அது அவர்கள் கணக்கில் குளிர்ச்சி, நம் கணக்கில் வைட்டமின் சி, இரும்பு உடம்பில் சேர உதவும். (மோரும் குளிர்ச்சிதான், ஆனால் அதிலுள்ள கால்சியம் இரும்பைத் தடுக்கும், அதனால் மாத்திரையோடு சேர்த்து வேண்டாம்.) அந்த "சூடு" என்ற ஒரு சொல் நோட்டில் ஏறவில்லை என்றால் மாணவிக்கு இந்த வழி தோன்றியே இருக்காது.

மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு, வலிப்பு என்றால் கேள்வியெல்லாம் அப்புறம், முதலில் 108. அதேபோல குடும்பக் கட்டுப்பாடு, காசநோய், எச்.ஐ.வி. பற்றிப் பேசும்போது அக்காவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிடுங்கள். அவர் பக்கத்துத் தெருக்காரர், அவர் முன்னால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.