பாங்காங் ஏரிப் பயணம்: பலரும் செய்யும் தவறுகள்

லடாக் பயணத்தில் மிக ஆபத்தான தவறு, விமானத்தில் லடாக்கின் முக்கிய நகரமான லே போய் இறங்கிய மறுநாளே பாங்காங் ஏரிக்கரையில் ராத்தங்கத் திட்டம் போடுவது. லே சுமார் 3,500 மீட்டர் உயரம், ஏரி 4,200 மீட்டருக்கும் மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், நம் கடற்கரை ஊர்களில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். பகலில் தெம்பாக இருந்தவர்களுக்கும் ராத்திரி படுத்தபிறகு தலைவலியும் குமட்டலும் தொடங்கலாம்.

சரி, முடியாவிட்டால் கீழே இறங்கிவிடலாமே என்று நினைப்பீர்கள். சிக்கலே அங்கேதான். லேக்குத் திரும்பும் வழக்கமான வழியில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாயைத் தாண்ட வேண்டும். இறங்க வேண்டிய நோயாளியை முதலில் இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே ஏற்ற வேண்டியிருக்கும்! அதனால் லேயில் இரண்டு மூன்று ராத்திரி தங்கி, உடம்பைப் பழக்கிவிட்டுப் போங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கணவாய்க்கு முன்பே, ஏரியைவிடத் தாழ்வாக இருக்கும் தாங்சே கிராமத்துப் பக்கம் உடனே இறங்கி மருத்துவ உதவி தேட வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள், அலைச்சலானாலும் ஒரே நாளில் பார்த்துவிட்டு லேக்கே திரும்பிவிடுவதுதான் நல்லது என்பேன்.

அடுத்தது, தாமதமாகக் கிளம்புவது. காலையில் சாலைக்குக் குறுக்கே கணுக்கால் அளவுக்கு ஓடும் ஓடை, வெயில் ஏறிப் பனி உருக உருக மதியத்துக்கு மேல் வண்டியை நிறுத்திவிடும் அளவுக்குப் பெருகும். வழியில் இருக்கும் பாகல் நாலா என்ற ஓடை இதற்குப் பேர்போனது. விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

பாங்காங் ஏரித் தண்ணீர் பனி உருகிய நீர் என்பதால் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சுமார் 134 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஏரிக்கு வெளியேறும் வழியே கிடையாது. வரும் நீர் ஆவியாகிப் போக, உப்பு தங்கிவிடுகிறது. இந்தியப் பக்கம் இருக்கும் மேற்குப் பகுதி நீர் உவர்ப்பாகவே இருக்கும். நாம் விடும் சோப்பு நுரையும் வண்டி எண்ணெயும் அப்படியே உள்ளேயே கிடக்கும். படம் எடுப்பதற்காக ஜீப்பைத் தண்ணீருக்குள் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. பட்டைத்தலை வாத்துகள் குஞ்சு பொரிக்க வரும் இடம் அது. வழியில் எட்டிப் பார்க்கும் மர்மோட்டுகளுக்கு (வளையில் வாழும் பெரிய அணில் வகை) பிஸ்கட் நீட்டுவதும் வேண்டாம். மாதக்கணக்கான குளிரை அவை வளைக்குள் தூங்கியே கழிக்க வேண்டும், அதற்கான கொழுப்பு புல்பூண்டு தின்றுதான் சேர வேண்டும்.

அப்புறம், வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு தேவை. ஏரிக்கரையில் அதுவும் நிச்சயமில்லை என்பதால், வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை லேயிலேயே சொல்லிவிடுங்கள். கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.