விஞ்ஞானப் புனைகதையை வகுப்புக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தரம் 10 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். முதன்முதலில் ஒரு ரோபோக் கதையை வாசித்து முடித்ததும், "தொழில்நுட்பம் நன்மையா, தீமையா?" என்று கேட்டேன். அது பிழை. வகுப்பு உடனே விவாதப் போட்டியாகிவிட்டது. பாடமாக்கிய வசனங்கள் வந்தன, கதை காணாமல் போனது. இப்போது கேட்பது வேறு: இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தது யார்? அது பிழை விட்டால் நட்டம் யாருக்கு?

எழுத்தாளர் சொன்னதில் எது பலித்தது என்று பட்டியல் போடுவதும் வேண்டாம். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர் என்பதால், தொடர்பாடல் செய்மதிகளை முன்கூட்டியே சொன்னவர் என்று பெருமையாகச் சொல்லிவிடுகிறோம். அந்த யோசனையை அவர் 1945இல் எழுதியது ஒரு தொழில்நுட்பக் கட்டுரையில், கதையில் அல்ல. கதையிடம் சாத்திரம் கேட்கக் கூடாது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தன் கதை ரோபோக்களுக்கு வகுத்த மூன்று விதிகளை (மனிதருக்குத் தீங்கு வரவிடாதே, கட்டளைக்குக் கீழ்ப்படி, உன்னைக் காப்பாற்றிக்கொள்) கரும்பலகையில் எழுதிக் கொப்பியில் இறக்கச் சொல்வது. விதி இருக்கிறது, சரி, பிரச்சினை தீர்ந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். 1942இல் அந்த விதிகள் முழுதாக வந்த கதையிலேயே அவை சிக்கிக்கொள்கின்றன. கட்டளைக்குக் கீழ்ப்படிவதா, தன்னைக் காப்பாற்றிக்கொள்வதா என்று தெரியாமல் ரோபோ ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அனுப்பிய மனிதர் கட்டளையை அழுத்திச் சொல்லவில்லை என்பதும் ஒரு காரணம். பாடத்தை அந்த இடத்தில் தொடங்குங்கள்.

அப்புறம், கதையை விண்வெளியிலேயே விட்டுவிட்டு மணி அடித்ததும் எழும்பிப் போகாதீர்கள். வெள்ளவத்தையில் நிற்கும் முச்சக்கரவண்டிகளில் எதற்கு ஹயர் போகும் என்பதை ஓர் ஆப் தீர்மானிக்கிறது. சாரதி யாரிடம் காரணம் கேட்பார்? முழுக்க இயந்திரமே எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இதைச் சொன்னதும், அப்பா முச்சக்கரவண்டி ஓட்டும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் "உனக்கு இப்படி நடந்ததா?" என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பிக் கேட்காதீர்கள். களவாக எடுத்த படம் போனுக்குப் போன் பரவுவதைப் பற்றி ஒரு மாணவி நெடுநேரம் பேசினாள், "அந்தக் கதையில் வரும் பிள்ளை" என்றே சொல்லிச் சொல்லி. நானும் கடைசிவரை அந்தப் பிள்ளையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.