நான்கு கோடுகளில் 'கிருபை தயாபத்து': பங்குப் பாடகர் குழுவுக்கு ஒரு தொடக்கப் பாடம்

செபமாலையின் முடிவில் நாம் சொல்லும் 'கிருபை தயாபத்து' செபத்தின் இலத்தீன் மூலமே 'சால்வே ரெஜீனா'. 1974-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் உலகின் ஆயர்களுக்கு அனுப்பிய 'யூபிலாத்தே தேயோ' என்னும் சிறு தொகுப்பில், இறைமக்கள் அனைவரும் குறைந்தபட்சம் அறிந்திருக்க வேண்டிய பாடல்களுள் ஒன்றாக இதன் எளிய கிரகோரியன் மெட்டும் (திருச்சபையின் பழைய இலத்தீன் பாடல் முறையில் அமைந்தது) இடம்பெற்றது. இசை படிக்காதவர்களும் இதைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ள முடியும்.

முதலில் பாடாதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். திருச்சபையின் உச்சரிப்பில் 'ரெஜீனா' என்பதில் 'ஜீ' அழுத்தம் பெறும்; 'மிசெரிகோர்தியே' என்பதில் 'கோர்' அழுத்தம் பெறும். 'எங்கள் சீவியமே, எங்கள் தஞ்சமே, எங்கள் மதுரமே' என்று நாம் சொல்லும் இடத்தில் இலத்தீனில் 'வீத்தா, துல்ச்சேதோ, எத் ஸ்பேஸ் நோஸ்த்ரா' என்று வரும். பொருள் ஏற்கெனவே நம் நெஞ்சில் இருப்பதால், சொற்கள் நாவில் படிவதற்கு அதிக நாளாகாது. இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டும் குழு, பிறகு எத்தனை முறை பாடினாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோலவே பாடும் என்பதால், முதல் மாலை முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள்.

அடுத்து மெட்டு எழுதப்பட்ட இசை ஏட்டைப் பாருங்கள். வழக்கமான மேற்கத்திய இசைக்குறிப்பின் ஐந்து கோடுகளுக்குப் பதில் நான்கு கோடுகளும், அவற்றின்மேல் சுரங்களைக் குறிக்கும் சதுரங்களும் இருக்கும். இடப்பக்கத்தில் 'C' வடிவில் ஒரு குறி நிற்கும் கோடே 'தோ', அதாவது நம் 'ச'. அங்கிருந்து மேலும் கீழும் எண்ணிக்கொள்ளலாம், சுருதியோ உங்கள் விருப்பம். இரண்டு சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் கீழுள்ளதை முதலில் பாட வேண்டும். சதுரத்தின் அருகில் சிறு புள்ளி இருந்தால் அந்தச் சுரத்தை நீட்ட வேண்டும். வரியின் கடைசியில் நிற்கும் சின்னக் குறியைப் பாடக் கூடாது. அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்கும் என்பதை அது முன்கூட்டியே காட்டுகிறது.

இனிப் பாடலாம். முதல் சுரத்தை 'ச' என்று வைத்துக்கொண்டால், மெட்டு சங்கராபரணத்தின் சுரங்களில் 'ச க ப த ப' என்று எழும்பித் தொடங்குவதைக் கேட்பீர்கள். அரசியை வாழ்த்தித் தலைநிமிரும் குரல் அது. கீபோர்டின் தாளத்தை அணைத்துவிடுங்கள். இங்கே நடையைத் தீர்மானிப்பவை சொற்களே. குறுக்குக் கோடுகள் வரும் இடங்களில் மட்டும் எல்லாரும் சேர்ந்து மூச்செடுக்க வேண்டும்.

மக்களுக்குக் கற்பிக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குவது நல்லது. 'கிருபாகரியே, தயாபரியே, பேரின்ப இரசமுள்ள கன்னிமரியாயே' என்பதற்கு இணையான 'ஓ கிளேமென்ஸ், ஓ பீயா, ஓ துல்ச்சிஸ் வீர்கோ மரீயா' என்னும் மூன்று அழைப்புகளை மட்டும் முதல் வாரம் அவர்கள் பாடட்டும். மற்றவற்றைக் குழு பாடட்டும். அக்டோபர் செபமாலை மாதத்தில் இதைத் தொடங்கினால், ஒவ்வொரு மாலையும் பழகுவதற்கு வாய்ப்புக் கிடைக்கும்.